கராஜ் கிரெஷுக்குப் பதிவு வாங்கிய கதை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டு இரட்டைக் கராஜில்தான் சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் நடத்துகிறேன். 2018இல் பதிவுக்குப் போனபோது சுகாதார ஆய்வாளர் வந்து டேப் பிடித்து அளந்தார். உள்ளே ஒரு குழந்தைக்கு 1.5 சதுர மீட்டர், வெளியே விளையாட 2 சதுர மீட்டர் வேண்டும். கராஜ் 36 சதுர மீட்டர், அதாவது 24 குழந்தைகள். அன்று என்னிடம் இருந்தவர்கள் 31 பேர். மிச்சம் ஏழு பேரின் அம்மாக்களும் காலை ஐந்தரைக்கே டாக்சி பிடித்து வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகளை எங்கே விடுவது என்று யாரிடம் கேட்டும் பதில் இல்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் ஆன்ட்டி ஒருவர் நாலு பேரை எடுத்துக்கொண்டார். மூன்று பேரை அவர்கள் பாட்டிகள் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் காகிதங்கள். தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட வரைபடம், ஒவ்வொரு ஊழியருக்கும், குழந்தைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பதிவேட்டில் பெயர் இல்லை என்று காட்டும் படிவம் 30. இவையெல்லாம் அலைச்சல்தான், ஆனால் கிடைத்துவிடும். என்னைக் கட்டிப்போட்டது நில உபயோக அனுமதி. குடியிருப்பு மனையில் கிரெஷ் நடத்த வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து போட வேண்டும். பத்திரமோ இறந்துபோன மாமனார் பெயரில் கிடந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். தாத்தா வாங்கிய கவுன்சில் வீடு, பெயர் மாற்ற யாருக்கும் கை வந்ததில்லை. இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் மாஸ்டர் அலுவலகத்தில், சொத்தைக் கவனிக்கும் உரிமைக் கடிதம் வாங்க வேண்டும். அதற்கு முன் என் கணவரின் மூன்று தங்கைகளும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தி ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) இருந்தாள். தொலைபேசியில் எத்தனை இரவுகள் பேசியிருப்பேன்! கிரெஷ் வந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. அப்படிப் போகாது என்று நாங்கள் எழுதித் தந்த பிறகுதான் சம்மதித்தாள். இதற்கே ஒரு வருடம் ஓடிவிட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாக் கிரெஷ்களும் மூடின. ஜூலையில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் திறக்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் பல அம்மாக்களுக்கு வேலை இல்லை, கட்டணம் வரவில்லை. அப்போதுதான் எங்கள் பகுதியில் கிரெஷ் நடத்தும் ஒன்பது பேர் சேர்ந்தோம். அந்த வருடம் குழந்தைகள் சட்டத் திருத்த மசோதாவுக்கு நாடாளுமன்றக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நாங்களும் எழுதி அனுப்பினோம். ஆங்கிலத்தில் சட்டம் பேச எங்களுக்கு வராது, அதனால் அவரவருக்கு நடந்ததை அப்படியே எழுதினோம். இடத்துக்கு ஒரு பதிவு, சொல்லித்தரும் பாடத்திட்டத்துக்கு இன்னொரு பதிவு என்று இரண்டு தடவை அலைய வைக்காதீர்கள், ஒன்றாக்குங்கள் என்பதுதான் கோரிக்கை. சிறுபிள்ளைக் கல்வி, பராமரிப்புச் சட்டங்களை மாற்றப் போராடும் ரியல் ரிஃபார்ம் ஃபார் ஈசிடி இயக்கமும் இதையே கேட்டது. 2022இல் நிறைவேறிய திருத்தத்தில் நாங்கள் கேட்டது இடம்பெறவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

என் பதிவு 2021 கடைசியில் வந்தது. பதிவு இருந்தால்தான் அரசு மானியம், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்ட். மாதம் இருபது நாள் என்றால் 340 ராண்ட். 2019இலிருந்து அதே 17. சமைக்கும் எண்ணெயின் விலை மட்டும் நிற்கவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் அதை 24 ஆக்கினார்கள். இது தானாக நடக்கவில்லை. வருடக்கணக்காக மனு எழுதியவர்களும் கூட்டங்களுக்குப் போய்ப் பேசியவர்களும் கேட்டு வாங்கியது.

நடுவில் 2022 ஏப்ரலில் பொறுப்பு சமூக நலத் துறையிலிருந்து கல்வித் துறைக்கு மாறியது. கைமாறியதில் என் கோப்பு ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது. ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் மூலத் தாளை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், தீயணைப்புச் சான்றெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடனே எல்லாம் நிறைவேறாவிட்டால் நிபந்தனையோடு பதிவு கேளுங்கள், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாமல் முதல் மறுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் நாடெங்கும் 42,420 மையங்களைக் கண்டார்கள், அதில் பாதிக்கு மேல் பதிவில்லாதவை. அந்தப் பிள்ளைகளுக்கு மானியக் கஞ்சி கூட இல்லை என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

போன வாரம் வெல்பெடாக்ட்டிலிருந்து ஒரு சூலு அம்மா வந்தார். தகரக் கூரை, 19 குழந்தைகள், ஒரே கழிப்பறை. இருபது பிள்ளைக்கு ஒன்று என்பதுதான் விதி, அதனால் அது போதும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, மூன்று தடவை கேட்டார். வியாழக்கிழமை இருவரும் நில உபயோக அலுவலகத்துக்குப் போகிறோம். வரிசை சீக்கிரம் நீண்டுவிடும், ஏழு மணிக்கே வாசலில் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.