மதர்போர்டில் இருந்து செம்பு எடுத்த கதை

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகப் பழைய மதர்போர்டுகளைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கினோம். பார்த்தவர்கள் எல்லாம் "தங்கம் கிடைக்குமா?" என்றுதான் கேட்டார்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இருக்கும் செம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நீர்த்த கந்தக அமிலம் மட்டும் செம்பைக் கரைக்காது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால்தான் கரைசல் நீலமாகும். செம்பு கரையக் கரைய, அதன்மேல் பூசியிருந்த தங்கம் மெல்லிய செதில்களாகக் கழன்று மிதந்தது. பாகங்களைப் பற்றவைத்த சாலிடரில் இருந்த ஈயமும் வெள்ளீயமும் வெள்ளைச் சேறாகி வடிதாளை அடைத்துக்கொண்டன. வடிகட்டுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய இம்சை.

அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு கேத்தோடு (செம்பு படியும் எதிர்மின்முனை), ஈயத் தகடு ஆனோடு (நேர்மின்முனை) என்று வைத்து மின்சாரம் கொடுத்தோம். 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.186 கிராம் செம்பு படிய வேண்டும், ஓடிய மின்சாரத்துக்கு எவ்வளவு உலோகம் படியும் என்று சொல்லும் ஃபாரடே விதியின் கணக்கு அது. தராசில் பாதிகூடத் தேறவில்லை.

திருடன் இரும்பு. கரைசலில் கலந்த இரும்பின் ஃபெர்ரிக் அயனி (Fe³⁺) கேத்தோடில் ஓர் எலக்ட்ரானை வாங்கி ஃபெர்ரஸாகிறது (Fe²⁺). ஆனோடுக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஃபெர்ரிக்காகிறது. மின்சாரம் இப்படியே சுற்றிச் சுற்றி வீணாகும். போதாததற்கு ஃபெர்ரிக் படிந்த செம்பையும் அரிக்கும். மிச்சமிருந்த பெராக்சைடும் அதே வேலையைத்தான் செய்தது. அதனால் அடுத்த தடவை, நறுக்கிய துண்டுகளில் காந்தத்தை ஓட்டி இரும்பைப் பொறுக்கினோம். வடிகட்டிய கரைசலை, பெராக்சைடு சிதைந்து குமிழி அடங்கும்வரை சூடாக்கினோம். படிவு கணக்கை நெருங்கியது.

அதிலும் ஒரு சிக்கல். ஆம்பியரைக் கூட்டினால் செம்பு கருஞ்சிவப்புத் தூளாகி, தகட்டைத் தொட்டாலே உதிர்ந்தது. தகட்டின் பக்கத்தில் செம்பு அயனிகள் தீர்ந்துபோவதுதான் காரணம். மின்னோட்டத்தைக் குறைத்து, காந்தக் கலக்கியை வேகமாகச் சுற்றவிட்ட பிறகு இளஞ்சிவப்பாக, வழவழவென்று ஒட்டியது. தகட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தால் தாளைப் போல முழுசாக வந்தது. நிக்கலும் துத்தநாகமும் கரைசலிலேயே நின்றுவிட்டன. எந்த உலோகம் முதலில் படியும் என்று காட்டும் மின்னழுத்த வரிசையில் செம்பு முந்திக்கொள்ளும்.

ஆனோடில் கிளம்பும் ஆக்ஸிஜன் குமிழிகள் அமிலத்தைத் தெறிக்கவிடும், தொண்டை கமறும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் இல்லாத இடத்தில், வீட்டு மொட்டை மாடியில், யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் அதே ஆனோடில்தான் அமிலம் மீண்டும் உருவாகிறது. செம்பு எடுத்த கரைசலைக் கொட்டாமல், பெராக்சைடு மட்டும் சேர்த்து அடுத்த போர்டுகளுக்கு ஊற்றினோம்.