மரம் நடக் கூடாத இடம்

ஒரு ஜூன் மாதம், உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்காக ஒரு வேன் நிறையப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்றுப் பையோடு மலையேறி வந்தார்கள். "எங்க சார் நடலாம்?" என்று கேட்ட வாத்தியாரிடம், "இங்க நடக் கூடாதுங்க" என்றேன். என் காக்கிச் சட்டையை ஒரு தடவை பார்த்தார், முகத்தை ஒரு தடவை பார்த்தார். பாரஸ்ட் கார்டே மரம் நடாதே என்றால் யாருக்குத்தான் குழம்பாது?

நீலகிரியின் முக்கூர்த்தியை ஒட்டிய மேட்டில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளத்தில் மட்டும் சோலை எனும் அடர்ந்த மலைக்காடு, சரிவு முழுக்க வெறும் புல். சும்மா கிடக்கும் நிலம்தானே என்று தோன்றும். டிசம்பர், ஜனவரியில் காலை ரோந்து போனால் விளங்கும். திறந்த சரிவில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். சோலைக் கன்று அதில் கருகிப் போகும், புல் தாங்கும். அங்கே மரம் இல்லாததற்குக் காரணம் யாரும் வெட்டியதல்ல.

வெள்ளைக்காரர்கள் அதைத் தரிசு என்று கணக்கெழுதினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம், சீகைக்காய் அல்ல) வந்தன. சீகைப் பட்டை தோல் பதனிட உதவும். சுதந்திரத்துக்குப் பிறகும் நம்மவர்கள் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சரிவில் சீகையை மொத்தமாக வெட்டிச் சாய்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று மார்தட்டினேன். அடுத்த மழைக்கு அந்த இடம் ராகி விதைத்த வயல் போல முளைத்துக் கிடந்தது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். வெயில் பட்டால் எழும், தீப்பட்டால் இன்னும் வேகமாக எழும். மண் ஈரமாக இருக்கும்போது குனிந்து ஒவ்வொன்றாக, வேரோடு பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. மறு வருடமும் அதே சரிவு, அதே முதுகுவலி.

எல்லாச் சீகையையும் வெட்ட வேண்டும் என்றும் இப்போது சொல்ல மாட்டேன். முதிர்ந்த தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே தலையெடுக்கின்றன. அங்கே கை வைக்காமல் இருப்பதுதான் வேலை. புல்வெளி ஓரத்தில் புதிதாகப் பரவுவதை விடக் கூடாது. எங்கே விடுவது, எங்கே பிடுங்குவது என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒருநாள், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் மந்து (குடியிருப்பு) ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஓடையோரம் உட்கார்ந்திருந்தார். "தம்பி, கோயில் கூரைக்குப் புல் தேடி எங்க அப்பா இங்கதான் வருவாரு. இப்ப நான் ரெண்டு மலை தாண்டிப் போறேன்" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

வரையாட்டுக்கும் இந்தப் புல்தான் சோறு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,303 வரையாடுகள். ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகைகூடத் தேறாது.

அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்த நாற்றுகள் வேனிலேயே திரும்பிப் போயின. போகுமுன் அரை மணி நேரம் எங்களோடு சேர்ந்து சீகை பிடுங்கினார்கள். ஒரு சிறுமி, செடியைவிட வேர் நீளமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் தூக்கிக் காட்டினாள். அந்த இடத்தில் இந்த வருடமும் முளைத்திருக்கிறது. நாளைக்குக் காலையில் அங்கேதான் டூட்டி.