அருவி வெட்டுப் பாடல் யாருடைய சொத்து?

சட்ட இளமாணிக் கற்கையில் இவ்வாண்டு நாம் படிப்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இதன்படி பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆனால் எங்கள் வன்னி வயல்களில் பிறந்த அருவி வெட்டுப் பாடல்களுக்கும் (நெல் அறுவடைப் பாடல்கள்) குருவிப் பள்ளு என்ற நாட்டார் பாடலுக்கும் ஆசிரியர் இன்னாரென்று யாரைச் சுட்டுவது?

அதற்கு விடை 24ஆம் பிரிவில் இருக்கின்றது. வணிக நோக்கத்துக்காகவோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ நாட்டாரியல் வெளிப்பாடுகளை, அதாவது வழிவழியாக வரும் பாடல், கதை, ஆடல் போன்றவற்றை, பயன்படுத்துவோர் உரிய அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும் என்றும், அவற்றை அச்சிடும்போது அவை எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டன என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகின்றது. நேருக்கு நேர் கற்பித்தலுக்கு விலக்கு உண்டு. ஆசிரியர்கள் அஞ்சத் தேவையில்லை.

எனினும், அந்த அதிகாரியைத் தீர்மானிப்பவர் அமைச்சரே. அனுமதிக் கட்டணமாகத் திரட்டப்படும் பணம் பண்பாட்டு அபிவிருத்திக்கு என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றதேயன்றி, பாடலைத் தலைமுறைகளாகக் காத்துவந்த கிராமத்துக்கு நேரடி உரித்து வழங்கப்படவில்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை என்றே உறுதியாகக் கருதுகின்றேன்.

ஆய்வுக் கட்டுரைக்கு இதனையே எடுத்துள்ளேன். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கங்களில் இப்பாடல்களை இன்றும் பாடக்கூடிய பெரியோர் இருப்பின், தயவுசெய்து உட்பெட்டியில் அறியத் தாருங்கள்.