தம்பி மரத்தில் துளை போட்ட கதை

மார்ச் பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வானிலை அறிக்கை ஆரம்பித்துவிடும். "ராத்திரி மைனஸ் ஆறு, பகல் பிளஸ் நாலு. நாளைக்கு ஓடும்" என்று தம்பி ஒரு வரி போடுவான். அப்பா அதைக் கண்ணாடி மாட்டிப் படித்துவிட்டு, "என்னடா ஓடும்?" என்று குரல் பதிவு அனுப்புவார். நான்கு வருஷமாக இதே கேள்விதான். தெரியாமல் கேட்பதில்லை, மகன் வாயால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் அவருக்கு.

ஓடுவது மேப்பிள் மரத்தின் சாறு. தம்பி இருப்பது கனடாவில், ஒட்டாவாவுக்குக் கொஞ்சம் வெளியே. வேலை கம்ப்யூட்டரில். வாங்கிய வீட்டின் பின்பக்கம் ஐந்து மேப்பிள் மரங்கள் நின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வேலியோரம் நின்று, "இதெல்லாம் சர்க்கரை மேப்பிள், சும்மா விட்டு வைத்திருக்கிறாயே" என்று சொல்லப்போக, இவனுக்கு உள்ளே ஏதோ கிளறிவிட்டது.

இதில் எனக்குச் சிரிப்பு வரக் காரணம் இருக்கிறது. எங்களுக்குச் சொந்த ஊர் கடத்தூர் பக்கம். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே வெல்ல மண்டிதான் ஞாபகம் வரும். தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு வெல்லம் காய்ச்சும் ஆலை உண்டு, இன்றைக்கும் அப்பா நடத்துகிறார். தம்பிக்கு அந்த ஆலை ஆகவே ஆகாது. பள்ளிக்கூடத்துச் சட்டையில் புகை வாசனை அடிக்கிறது என்று பையன்கள் கேலி செய்ததை வீட்டுக்கு வந்து சொல்லி அழுதிருக்கிறான். "படிச்சு எங்கியாவது போயிருவேன், இந்த அடுப்புகிட்ட வரவே மாட்டேன்" என்றவன், போனதென்னவோ உண்மை, ஆனால் ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய் இப்போது பின்வாசலில் அடுப்பு கட்டி உட்கார்ந்து சாறு காய்ச்சுகிறான்.

முதல் வருஷம் வீடியோ காலில் வாளியைத் தூக்கிக் காட்டினான். அடி தெரியுமளவுக்குத் தெளிவாக இருந்தது. அப்பா, "குடிச்சுப் பாத்தியா? எவ்ளோ தித்திப்பு?" என்றார். "தண்ணி மாதிரிதாம்பா இருக்கு, கடைசில லேசா ஒரு இனிப்பு." அப்பாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கரும்புப் பாலில் 100 லிட்டருக்கு 17, 18 கிலோ இனிப்பு இருக்கும். மேப்பிள் சாற்றில் இரண்டு கிலோதான். 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப், அதாவது மேப்பிள் பாகு, கிடைக்கும். அதே 40 லிட்டர் கரும்புப் பால் என்றால் எங்கள் கொப்பரையில் ஆறேழு கிலோ வெல்லம் கட்டியாகவே கையில் இருக்கும். "வெறகுக் காசுக்குக் கூட ஆகாதே, கண்ணு" என்றார். சரி, அவன் என்ன விற்கவா போகிறான்.

ஆனால் அந்த மரம் சாறு விடுகிற விதம் இருக்கிறதே, அதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நமக்குத் தெரிந்தது பனை. பாளையை நாள் தவறாமல் சீவினால் பதநீர் சொட்டும். மேப்பிளில் பாளையும் கிடையாது, சீவலும் கிடையாது. மரத்தண்டில் சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு ஒரு துளை, ஒன்றரை இரண்டு அங்குல ஆழம், சாறு வெளியே வடிய வசதியாக உள்ளிருந்து வாய்ப்பக்கம் லேசாகச் சரிவு. அதில் ஒரு சின்னக் குழாயைத் தட்டிச் செருகி வாளியைத் தொங்கவிட வேண்டியதுதான். அடுத்த வருஷம் அதே துளையில் வராது, வேறு இடம் பார்க்க வேண்டும். ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் 40 லிட்டர் வந்தால் நல்ல மரம்.

துளை போட்டுவிட்டால் மட்டும் வந்துவிடாது. இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இரண்டும் நடந்தால்தான் ஓடும். மேப்பிள் மரத்தின் நார்களுக்குள் தண்ணீருக்குப் பதில் காற்று இருக்குமாம். இரவில் குளிர் இறங்கும்போது அந்தக் காற்று ஒடுங்கி, உள்ளே பனிக்கட்டி படிந்து, மரம் வேர்வழியாகத் தண்ணீரை மேலே இழுத்து வைத்துக்கொள்கிறது. பகலில் பனி உருகியதும் ஒடுங்கிக் கிடந்த காற்று விரிந்து சாற்றை நெட்டித் தள்ளுகிறது, துளை இருந்தால் அந்த வழியாக வெளியே வருகிறது. இதைத் தம்பி விளக்கியபோது அப்பா, "அப்ப மரம் மூச்சு இழுத்து விடுதுன்னு சொல்லு" என்றார். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

போன மார்ச்சில் இந்த வானிலை அவனைப் படுத்திய பாடு! முதல் வாரம் கணக்காக வந்தது, இரவில் மைனஸ், பகலில் பிளஸ். வாளியில் சொட்டு விழும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினான், டொக், டொக், டொக். அப்புறம் திடீரென்று பகலிலும் மைனஸ் பத்து, நாலு நாள் ஒரு சொட்டு இல்லை, குழாய் வாயில் சாறு குச்சி மாதிரி உறைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது விட்டதும் தலைகீழாகப் பதினான்கு டிகிரி, இரவிலும் உறையவில்லை, அப்போதும் நின்றுவிட்டது. இவன் வேலைக்கு லீவு போட்டது அந்த இரண்டு நாளைக்கு. மறுநாள் ஆபீசில் போய் உட்கார்ந்தபோது, இரவில் உறைந்து பகலில் உருகி, வாளி நிரம்பிச் சாறு தரையெல்லாம் ஓடியிருக்கிறது.

அதே வாரம் இங்கே மாசிக் கடைசி. விடியற்காலையில் எலும்பைத் துளைக்கும் பனி, பதினோரு மணிக்கெல்லாம் தலையைப் பிளக்கும் வெயில். எங்களுக்கு வெயில்தான் தோது, பிழிந்த சக்கை காய்ந்தால்தானே அடுப்பு எரியும். ஒருநாள் மழை பெய்து சக்கை நனைந்தால் இரண்டு நாள் ஆலை நிற்கும்.

அந்த மார்ச் மாதம் இன்னொரு கூத்தும் உண்டு. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதுவரை காலை ஆறரைக்கு வந்துகொண்டிருந்த போன் அன்றிலிருந்து ஐந்தரைக்கு வரும். அப்பாவுக்கு வசதிதான், அந்த நேரத்தில் ஆலை அடுப்புக்கு முன்னால் இருப்பார். இந்தப் பக்கம் கொப்பரை, அந்தப் பக்கம் தம்பியின் அடுப்பு, இரண்டிலிருந்தும் எழும் ஆவியில் போன் திரை முழுக்க வெள்ளையாக இருக்கும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பேச்சு மட்டும் ஓடும்.

அவன் அடுப்பு என்பது நாலு வரிசை சிமெண்ட் கல், மேலே ஓட்டலில் பஃபே வைக்கும் மூன்று ஸ்டீல் தட்டுகள். அப்பா பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பின்னாடி பொகைக்கூண்டு எங்கடா? தீ எப்படி இழுக்கும்?" அதுவரை எட்டு மணி நேரம் எரித்து இருபது லிட்டரைக்கூட வற்றவைக்க முடியாமல் கண்ணெரிச்சலோடு நின்றுகொண்டிருந்தான். அடுத்த வாரம் ஒரு தகரக் குழாயை வாங்கிப் பின்பக்கம் நட்டான், தீ தட்டுகளுக்கு அடியில் படுத்து ஓட ஆரம்பித்தது. இஞ்சினியரிங் படித்தவன்தான். பொங்கி வழியாமல் இருக்க நாங்கள் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம், அங்கே துளி வெண்ணெய் போடுகிறார்கள். இதைக் கேட்டு அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, எவன் சொல்லிக் குடுத்தான் அவங்களுக்கு?"

அப்பாவை அசத்தியது வேறொன்று. இரவில் வாளியிலேயே சாறு பாதி உறைந்துவிட்டால் மேலே மிதக்கும் பனிக்கட்டியை எடுத்து எறிந்துவிடுகிறான். உறைவது பெரும்பாலும் வெறும் தண்ணீர், இனிப்பு அடியில் தங்கிவிடும். அந்த மண்ணின் பூர்வகுடிகள், அனிஷினாபே போன்ற மக்கள், இரும்புப் பாத்திரமே இல்லாத காலத்திலிருந்து செய்து வந்த வேலையாம் இது. அடுப்பு மூட்டாமலே பாதி வேலை முடிகிறதே என்று அப்பா அன்று முழுக்க ஆலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெர்மாமீட்டர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. சிரப் பதத்துக்குக் கணக்கு, தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நாலு டிகிரி கூட. அங்கே ஏறக்குறைய 104. வெல்லத்துக்கு 118ஐத் தாண்டியும் போக வேண்டும். தம்பி ஆசையாக அப்பாவுக்கும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொடுத்தனுப்பினான். அப்பா சோதித்துப் பார்க்கத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். 98.4 காட்டியது. "நூறு காட்டணும்ல? டூப்ளிகேட்டு" என்று தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். பாவம் அந்தக் கருவி. தர்மபுரி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1500 அடி, மேலே போகப் போக தண்ணீர் நூறுக்கு முன்னாலேயே கொதிக்கும், ஓசூரில் இன்னும் குறைவாகக் காட்டும் என்று தம்பி அரை மணி நேரம் பாடம் எடுத்தான். ஒரே ஊரில் கூட காற்றழுத்தம் மாறினால் மாறுமாம், அதனால் அவன் தினமும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கணக்கு வைக்கிறான். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கொப்பரையிலிருந்து ஒரு துளி பாகை எடுத்து குவளைத் தண்ணீரில் விட்டார், விரலால் உருட்டினார், உருண்டது. "எறக்கலாம்" என்றார். தெர்மாமீட்டர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

தம்பிக்கும் ஒரு தடவை அடி விழுந்தது. பதம் நெருங்கும் நேரம், கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டாக விழாமல் தாள் மாதிரி விரிந்து தொங்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டிய நேரம். ஆபீசிலிருந்து போன் வந்தது, ரெண்டு நிமிஷம் என்று உள்ளே போனான். இரண்டு நாள் சேர்த்த அறுபது லிட்டர் சாறு தட்டோடு கரிந்து போனது. அப்பா திட்டவில்லை, சிரித்தார். அவரும் என் கல்யாணப் பேச்சு நடந்த அன்று ஒரு கொப்பரையைக் கரியவிட்டவர்தான்.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம். பருவத் தொடக்கத்தில் சிரப் வெளிர் தங்கமாக வரும், நாள் போகப் போக வெயில் ஏறினால் கறுக்கும். வெயிலில் கிருமிகள் பெருகிச் சாற்றிலுள்ள சர்க்கரையை உடைத்துவிடுகின்றன, உடைந்த சர்க்கரை அடுப்பில் சீக்கிரம் சிவக்கிறது. இங்கே வெட்டிய கரும்பைக் காயவிட்டால் நடப்பதும் இதேதான். ஒரு வருஷம் வண்டிக்காரர் இன்று நாளை என்று மூன்று நாள் இழுத்தடித்ததில், வந்த கரும்பில் வெல்லம் பிடிக்கவே இல்லை, களிமண் மாதிரி கையில் ஒட்டியது. ஆனால் அங்கே கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நாலு நிறத்துக்கும் பெயர் வைத்து நாலையும் முதல் தரம் என்றே விற்கிறார்கள், கறுப்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்கவும் ஆள் உண்டு. நம் ஆட்கள்? மஞ்சளாகப் பளிச்சென்று இல்லாவிட்டால் மண்டியில் விலை இல்லை. அதற்காகவே நிறத்தை வெளுக்கும் ஹைட்ராஸ் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறார்கள், சர்க்கரையைக் கலக்கிறார்கள். அப்பா கொட்டுவதில்லை, அதனால் மூட்டைக்கு இவ்வளவு என்று குறைத்துத்தான் வாங்கிப் போகிறார்கள்.

உலகத்து மேப்பிள் சிரப்பில் 70 சதவீதம் வருவது கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்துதான். அங்கே உற்பத்தியாளர்கள் கூட்டாகக் கிடங்கு வைத்து, விளைச்சல் கூடும்போது சேமித்துக் குறையும்போது எடுத்து விடுகிறார்கள். 2011, 12இல் அந்தக் கிடங்கு ஒன்றிலிருந்து கிட்டத்தட்ட 3000 டன் சிரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிவிட்டார்கள் என்று தம்பி சொன்னான். அப்பா திருட்டைக் காதில் வாங்கவே இல்லை. "கெடங்கு இருக்குதா அவங்களுக்கு? பொங்கல் முடிஞ்சா நமக்கு வெலை விழற மாதிரி விழாதுல்ல?" என்றார்.

ஏப்ரல் நடுவில் மரத்தில் மொட்டு உப்பத் தொடங்கியது. மொட்டு வந்துவிட்டால் சாற்றில் ஒரு கெட்ட வாடை ஏறும், காய்ச்சினாலும் போகாது. குழாய்களைக் கழற்றிக் கழுவிக் காயவைத்த படத்தை அனுப்பினான். ஆறு துளையில் இருநூறு லிட்டர் சாறு, கரிந்தது போக மூன்றரை லிட்டர் சிரப்.

அதில் கால் லிட்டர் பாட்டில் ஒன்று ஊருக்கு வந்த நண்பர் கையில் மே மாதம் வந்து சேர்ந்தது. அம்மா ராகிக் கூழுக்கு ஊற்றிப் பார்க்கலாமா என்றாள், அப்பா விடவில்லை. மூடியைத் திறந்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கட்டைவிரலால் தேய்த்து நூல் இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார், நக்கினார். தம்பி வீடியோவில் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. எதுக்கு இப்பவே எறக்குன? இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா உருண்ட புடிச்சிருக்கலாமே."

இந்த மார்ச்சில் முதல் அடுப்பு முடிந்த அன்று தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஸ்டீல் தட்டில் பழுப்பாக ஏழு உருண்டைகள், கோணலும் மாணலுமாக. நாலாவதில் விரல் தடம் தெரிந்தது. அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, குரல் பதிவு அனுப்பினார்: "சூட்டோட புடிக்கணும்டா."