இரையெடுக்காத மீனும் எங்கள் கிணற்று நீரும்

தொட்டி மீன் இரையெடுக்காமல் மூலையில் ஒதுங்கி நிற்கத் தொடங்கியதும் பெரும்பாலானோர் முதலில் தேடிப்போவது மருந்தைத்தான். யாழ்ப்பாணத்தில் மீன் வளர்ப்பவர்கள் அதற்கு முன் தொட்டி நீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று நான் அழுத்தியே சொல்வேன். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்குவதால் கடினமும் காரத்தன்மையும் கொண்டது. மீனுக்கு வரும் துன்பமும், நாம் இடும் மருந்தின் பலனும் அந்த நீரைப் பொறுத்தே அமைகின்றன.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் உண்டாகும் அமோனியா, நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அமோனியம் என்ற வடிவம் மீனை அவ்வளவாகத் தாக்குவதில்லை. கட்டற்ற அமோனியாவே நஞ்சு. 28 பாகை வெப்பத்தில் பீ.எச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7 இற்கு மேல் காரம்) 7 ஆக உள்ள நீரில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு வடிவம் இருக்க, பீ.எச் 8 ஆகும்போது அது நூற்றுக்கு ஆறு பங்கைத் தாண்டிவிடும். ஆகவே, மென்னீர் உள்ள ஊர்களில் மீன் பொறுத்துக்கொள்ளும் அதே அளவு அமோனியா இங்கே அதன் பூக்களை (செவுள்களை) எரித்து, இரைமேல் நாட்டமில்லாமற் செய்துவிடக்கூடும்.

எங்கள் ஏஞ்சல் மீன் ஒரு வைகாசி வெக்கையில் இரையை வாயிலெடுத்துத் துப்பத் தொடங்கியபோது அதன் உடலில் புள்ளியோ புண்ணோ தென்படவில்லை; பூமூடி மட்டும் வேகமாக அசைந்தது. அதற்குமுன் நீண்ட மின்வெட்டு ஒன்று ஏற்பட்டிருந்தது. வடிகட்டியில் வாழ்ந்து அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் வேண்டும். நீரோட்டம் பல மணி நேரம் நின்றுபோனால் அவை மடியத் தொடங்குவதுடன், மின்சாரம் வந்ததும் வடிகட்டியில் அழுகிய நீர் தொட்டிக்குள் பாயும். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின் தடைப்பட்ட காலத்தை நினைத்தால், எத்தனை வீடுகளில் மீன்கள் காரணம் தெரியாமலே இறந்திருக்கும் என்று இன்றும் மனம் வருந்துகிறது. நீண்ட மின்வெட்டின்பின் வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே அலசிவிட்டுத்தான் இயக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்று வீட்டில் இருப்பது நன்று.

பரிசோதனைத் திரவம் அமோனியாவையும், பற்றீரியா அதை மாற்றும்போது உண்டாகும் இன்னொரு நஞ்சான நைத்திரைற்றையும் காட்டியதால், இரை போடுவதை நிறுத்திவிட்டு, மூன்றிலொரு பங்கு நீரை மாற்றினேன். கிணற்று நீரை அள்ளியவுடன் ஊற்றாமல், வாளியில் இரவு முழுவதும் காற்றுக் குமிழி விட்டு வைத்திருந்தே சேர்க்க வேண்டும், ஏனெனில் நிலத்தடியிலிருந்து வரும் நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பும் கரைத்துவிட்டேன். உப்பிலுள்ள குளோரைட்டு, பூக்களின் வழியே நைத்திரைற்று உடலுக்குள் போவதைத் தடுக்கிறது. வளர்ந்த, நலமான மீன் ஒரு கிழமை இரையின்றித் தாங்கும் என்பதால் அந்த வேளையில் பதற்றப்பட்டு இரையைக் கொட்டுவது நீரை மேலும் கெடுக்கவே செய்யும்.

நீர் சரியாகியும் மீன் உண்ணாவிட்டால்தான் நோயைத் தேட வேண்டும். வெண்ணிற நூல்போலக் கழிவு தொங்கி வயிறு ஒட்டிப்போனால் குடலில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அதற்கு மெற்றோனிடசோல் என்ற மருந்தை 40 லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவில், தனித்தொட்டியில், வடிகட்டியிலுள்ள கரியை அகற்றிவிட்டு இடுவது வழக்கம். மிருக வைத்தியரைக் கேட்டுச் செய்வதே முறை. பற்றீரியாவைக் கொல்லும் மஞ்சள் நிற மருந்தான ரெட்ராசைக்கிளினை எதற்கும் இடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் நீரில் நிறைந்துள்ள கல்சியமும் மகனீசியமும் அந்த மருந்தைப் பிணைத்துக்கொள்வதால், மீனுக்குப் போய்ச்சேர்வது சொற்பமே. வாயில் முட்டை காக்கும் சிக்லிட் வகைத் தாய்மீன்கள் கிழமைக்கணக்கில் உண்ணாதிருப்பது இயல்பு; அவற்றுக்கு மருந்திடுவது கொடுமை.

மறுபடி உண்ணத் தூண்டுவதற்கு நெளிந்தோடும் நுளம்புக் குடம்பிக்கு நிகரில்லை. எங்கள் ஏஞ்சலும் முதலில் அதைத்தான் துரத்திப் பிடித்தது. ஆனால் அதற்கென முற்றத்தில் வாளி நீரைத் தேக்கிவைக்கக் கூடாது, ஏனெனில் டெங்கு பரவும் ஊரில் அது அயலவருக்கு ஆபத்து, சட்டப்படி தண்டத்துக்கும் உரியது. தற்செயலாகக் கிடைத்தவற்றை வடித்தெடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பாத்திரத்தை அன்றே கவிழ்த்துவிட வேண்டும். பின்னர் குருணை உணவுக்கு மாற்றும்போதும், வடிகட்டியின் பற்றீரியா பெருகி அமோனியா முற்றாக மறையும்வரை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள்.