மகாவலி கடலைச் சேரும் இடத்தில் தூண்டில் போட்டோம்

அக்கரப்பத்தனை மலைச்சரிவுகளில் விழும் மழை ஓயாக்களாக, அதாவது சிற்றாறுகளாக, திரண்டு இறங்கி, தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சற்றே தங்கி, கொத்மலை ஓயாவாக மகாவலியில் கலந்து, 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆற்றின் முடிவில், திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. அந்தத் தண்ணீர் புறப்படும் இடத்தில் பிறந்து வளர்ந்த எங்களில் பலர் அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்ததில்லை. கடல்மீன் என்றால் தோட்டக் குடியிருப்பான லயத்தின் கடையில் தொங்கும் கட்டாக் கருவாடு, டின் மீன், சந்தை நாளில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் சூரை என்ற அளவில்தான் எங்களுக்குப் பழக்கம். கடந்த ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நாங்கள் நால்வர் ஒரு சிறு படகை வாடகைக்கு எடுத்து, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே நின்று தூண்டில் போட்டு வந்தோம். மலையகத்திலிருந்து இப்படி ஒரு பயணம் போக விரும்புபவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடலுக்குப் போக நினைப்பவர் நாள் குறிப்பதற்கு முன்னால் காற்றை விசாரிக்க வேண்டும். மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மோதி, நோர்வூட், ஹட்டன், தலவாக்கலைப் பக்கமெல்லாம் மழையைக் கொட்டித் தீர்க்கிறது. ஈரத்தை இழந்த அதே காற்று முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கிழக்குச் சரிவிலுள்ள ஊவாவில் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்துக்கு அதன் தனி மணத்தைத் தருவதும் இந்த வறட்சிதான். கிழக்குக் கரையில் இதைக் கச்சான் என்கிறார்கள். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் பெரிய அலை எழும்ப இடமில்லாமல் போகிறது. ஆகவே நாங்கள் மழைக்குப் படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு மலையில் ஏறும் மாதங்கள்தாம் திருகோணமலைக் கடலின் அமைதியான மாதங்கள். அதே வேளையில் மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் இந்தக் காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. கரையருகே தண்ணீரைத் தட்டையாக வைத்திருக்கும் கச்சான், எஞ்சின் நின்றுபோன படகைக் கடலுக்குள்தான் தள்ளிக்கொண்டு போகும். வெளியே போகப் போக அலை எழும்ப இடம் கிடைத்துவிடுவதால் கடலும் முரடாகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. கடலில் பழக்கமில்லாத எங்களைப் போன்றவர்கள் ஆழ்கடல் மீன்பிடிக்கு ஆசைப்படாமல், குடாவுக்குள்ளும் கரையோரத்திலும் நிற்பதே சரி என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம். திருகோணமலையில் அதனால் மீனுக்குக் குறைவு வருவதும் இல்லை. கடலடிப் பெரும்பள்ளத்தாக்கு ஒன்று கொட்டியாரக் குடாவிலிருந்தே தொடங்கி வெளியே இறங்குவதால், வேறு இடங்களில் பல மணி நேரம் ஓடித் தேட வேண்டிய ஆழம் இங்கே கரைக்கு அருகிலேயே கிடைக்கிறது. ஒருபுறம் ஆறு கொண்டுவரும் வண்டலும் உவர்நீரும், மறுபுறம் ஆழக்கடலின் குளிர்ந்த நீரும் இருக்க, இரண்டுக்கும் இடையில் சிறுமீன் கூட்டம் திரிய, அதைத் தேடிப் பெருமீன் வருகிறது.

எங்கள் குழுவில் நானும், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மைத்துனரும், ஆசிரியரான நண்பர் ஒருவரும், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் சித்தியும் இருந்தோம். நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி வழியாக இறங்கி மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வேனில் போனோம். தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர் காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு ஏறி வந்தார்கள் என்பதை நினைத்தபோது, அந்தத் திசைக்கு எதிராக, வேடிக்கை பார்க்கவும் மீன் பிடிக்கவும் நாங்கள் போவது எனக்கு நிறைவைத் தந்தது. திருகோணமலை நகரில் தங்காமல் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூருக்கே போய்விட்டோம். 2009ஆம் ஆண்டில் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை அந்த இடத்தைப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. அதற்கும் அப்பால் மகாவலியின் மேல் இருப்பது கங்கைப் பாலம். அதன் மேல் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிய சித்தி, அகன்று மெதுவாக நகரும் அந்தத் தண்ணீரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு தண்ணிதானே இது?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

படகு ஒழுங்கு செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தக் கரையில் சிறு மீனவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது ஏறக்குறைய 6 அல்லது 7 மீற்றர் நீளமுள்ள பைபர் படகு. பின்னால் ஒரு வெளி எஞ்சின். படகோட்டியையும் உதவியாளையும் சேர்த்து ஆறு பேருக்கு மேல் ஏறினால் அதில் தூண்டில் வீச இடம் இருக்காது, நூல்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். எனவே நான்கு பேர் என்பது நல்ல கணக்கு. வாடகை படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல. எரிபொருள் அதில் அடங்குமா, இரை யாருடையது, பிடிபடும் மீன் எப்படிப் பிரிக்கப்படும் என்ற மூன்றையும் முதல்நாளே பேசி முடித்துவிட வேண்டும். படகில் பதிவு இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா, ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, துடுப்பும் நங்கூரமும் போதிய கயிறும் இருக்கின்றனவா என்பதை நேரில் பார்க்க வேண்டும். நீச்சல் தெரியாத மலைநாட்டவருக்கு அந்த அங்கி அலங்காரப் பொருள் அல்ல. ஏறும்போதே கட்டிக்கொள்ள வேண்டும், திரும்பிக் கரையில் கால் வைக்கும்வரை கழற்றக் கூடாது. எங்கள் படகோட்டி அறுபது வயதை நெருங்கிய ஒரு முஸ்லிம் பெரியவர்; நானா (அண்ணன்) என்றே அவரை அழைத்தோம். சித்திக்குப் பொருத்தமான அங்கியைத் தேடியெடுத்துத் தாமே வாரை இறுக்கிக் கட்டிய பிறகுதான் எஞ்சினில் கை வைத்தார். நான் அவரை நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

விடியுமுன் புறப்பட்டோம். கச்சான் மாதங்களில் காலைப் பொழுதே நல்லது என்பது நானாவின் கணக்கு. வெயில் ஏறியபின் மீனும் ஆழத்துக்கு இறங்கிவிடும், காற்றும் போக்கு மாறிவிடும். முதலில் ஆற்றுமுகத்துக்கு வெளியே, தண்ணீரின் நிறம் மாறும் கோட்டை ஒட்டிப் படகை மெதுவாக ஓட்டினார். ஆற்றின் பழுப்புப் பச்சை முடிந்து கடல் நீலம் தொடங்கும் அந்தக் கோட்டில் நுரையும் இலைச்சருகும் மிதந்தன. கொடுவா மீன் இத்தகைய இடங்களை விட்டு அகலாது. ஆற்றுமுகத்தை அடுத்த உவர்நீரில் முட்டையிடும் இனம் அது. அதன் குஞ்சுகள் களப்புகளுக்கும் ஆற்றுக்கும் ஏறி வளர்கின்றன. ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுவதும் அதன் இயல்பு. மிகப் பெரிய கொடுவாக்கள் எல்லாம் பெண் மீன்களே என்பதால், அவற்றைக் கொன்று தீர்த்தால் அடுத்த தலைமுறைக்கு முட்டையிட மீன் இருக்காது என்று நண்பர் விளக்கினார். நானாவுக்கு அந்த உயிரியல் பாடம் தேவைப்படவில்லை. பெரிய கொடுவா சினையோடு வந்தால் விட்டுவிடுவது தமது வழக்கம் என்று சொல்லிவிட்டுச் சுக்கானைத் திருப்பினார். அன்று கொடுவா எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு குடாவின் வாயை நோக்கிச் சற்று வெளியே போனோம். ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் கூடிச் சுற்றி விழுந்து எழுவதை உதவியாளாக வந்த இளைஞர் காட்டினார். கீழே சூடை மீன் கூட்டத்தைப் பெரிய மீன்கள் மேலே விரட்டுகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். நேராக அதன் நடுவே படகைச் செலுத்தினால் கூட்டம் கலைந்து ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே நானா காற்றுக்கு மேற்பக்கமாகச் சுற்றிப் போய் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார். காற்று படகைக் கூட்டத்தின் ஓரத்துக்குத் தானாகவே கொண்டுபோனது. மைத்துனர் ரீல் பூட்டிய தடியால் வெள்ளித் தகடு போன்ற செயற்கை இரையை வீசி வேகமாகச் சுற்றினார். நூல் இறுகியது, ஒரு மீன் நீரைக் கிழித்துக்கொண்டு மேலெழுந்து உடலை உதறித் திரும்ப விழுந்தது. அது கட்டா.

உப்பேறி மஞ்சளாகிச் சுருண்டு கிடக்கும் கட்டாவைத்தான் நாங்கள் வாழ்நாள் முழுவதும் கண்டிருக்கிறோம். உயிரோடு அது கண்ணாடித் தகட்டைப் போல் மின்னியது. விலாவின் மேல்பகுதியில் வரிசையாகக் கருநிறப் பொட்டுகள் இருந்தன. முதுகு இளம்பச்சையாக இருந்து, படகுக்குள் வந்த சற்று நேரத்திலேயே மங்கியது. சித்தி அதைத் தொடக் கையை நீட்டியபோது, "அம்மா, முள்ளைத் தொடாதீங்க" என்று நானா தடுத்தார். கட்டாவின் முதுகுத் துடுப்பிலும் அடித் துடுப்பிலும் உள்ள சிறு முட்களில் நஞ்சு உண்டு. குத்தினால் நெடுநேரம் கடுக்கும். ஈரத் துணியால் தலைப்பக்கம் பிடித்து, குறட்டால் தூண்டிலைக் கழற்றினார்கள்.

அறக்குளா மீனுக்காகத் தூண்டிலுக்கு முன்னால் கம்பித் தலைநூல் கட்டிச் சிறிது தூரம் இழுத்தும் பார்த்தோம். அதன் பற்கள் தங்கூசி எனப்படும் சாதாரண நைலோன் நூலை அறுத்துவிடும் என்பதால்தான் அந்தக் கம்பி. அது அகப்படவில்லை.

அன்றைய பொழுதில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, பாரில் நங்கூரமிட்டுக் கைத்தூண்டில் போட்ட நேரம். கடலடியில் கல் மேடாக எழுந்திருக்கும் இடத்தைத்தான் பார் என்கிறார்கள். கரையில் ஒரு பனைமரத்தையும் பின்னாலிருக்கும் குன்றையும், இன்னொரு பக்கம் ஒரு பள்ளிவாசல் மினாராவையும் நேர்கோட்டில் பிடித்து நானா அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். கருவி எதையும் பார்க்கவில்லை. தடியும் ரீலும் இங்கே வேண்டியதில்லை. தங்கூசியின் முனையில் ஈயக்கட்டி, அதற்குச் சற்று மேலே தூண்டில், அதில் ஒரு துண்டுக் கணவாய் என்பதே முழு ஏற்பாடு. ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு முழம் உயர்த்தி, நூலைச் சுட்டுவிரலின் மேல் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கும் நண்பருக்கும் அலையின் அசைவும் மீனின் கொத்தலும் ஒன்றாகவே தெரிந்தன. சித்திக்கு அப்படி இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் முற்றிவிட்டதா இல்லையா என்பதைப் பார்க்காமலே கண்டுகொண்ட விரல்கள் அவருடையவை. கீழே விளைமீன் இரையை முகர்வதையும் கவ்வுவதையும் அவர் பிரித்தறிந்தார். முதல் கொத்தலுக்கு அசையாமல் இருந்து இரண்டாவது இழுவைக்குச் சுண்டினார். விளைமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, பிறகு கற்பொந்துக்குள் புகுந்துகொள்ளப் பார்த்த ஒரு கலவாய். "இந்த அம்மாவுக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்டுமில்லை" என்றார் நானா. தோட்டத்தில் அத்தனை ஆண்டுகள் கிலோக் கணக்கை மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு, அவருடைய விரலின் நுட்பத்தைப் புதியவர் ஒருவர் மதித்துச் சொன்னதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அளவில் சிறிய மீன்களை ஈரக் கையால் பிடித்துத் திரும்ப விட்டோம். வறண்ட கையோ துணியோ மீனின் மேல்தோல் வழுவழுப்பை உரித்துவிடும்; அப்படி விடப்படும் மீன் பிழைப்பது கடினம். இந்தக் கரையில் வெடிவைத்து மீன் பிடிப்பவர்களைப் பற்றி நானா மிகுந்த வேதனையோடு பேசினார். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்திருந்தும் அது முற்றாக ஒழியவில்லை. ஒரு வெடி பெருமீனோடு குஞ்சையும் முருகைக்கல்லையும் சேர்த்து அழித்துவிடுவதால் அந்தப் பார் பல ஆண்டுகளுக்கு வெறுமையாகிவிடும். தூண்டிலோடு வருபவர்கள் அதிகரித்தால் பாரைக் காப்பாற்றுவதில் மற்றவர்களுக்கும் வருமானம் கிடைக்கும் என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைக்குப் போக விரும்புபவர்கள், அது 2003 முதல் தேசியப் பூங்கா என்பதையும், அங்கே மீன் பிடிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உள்துறைமுகப் பகுதியில் கடற்படைக் கட்டுப்பாடுகள் உண்டு. படகோட்டி வேண்டாம் என்ற இடத்துக்குப் போகச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

கடல் மயக்கம் நண்பரைக் கொஞ்சம் வாட்டியது. வெறும் வயிற்றோடு ஏறாமல் ரொட்டி போன்ற இலேசான உணவை உண்டுவிட்டு, படகுக்குள் குனிந்து பார்ப்பதை விட்டுத் தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம், இஞ்சியும் உதவும். மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் தலை சுற்றுபவர்கள் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே எடுத்துக்கொள்வது நல்லது. தொப்பி, முழுக்கைச் சட்டை, நிறையக் குடிநீர் ஆகியவை கட்டாயம். குளிருக்குப் பழகிய எங்கள் தோல் அந்த வெயிலைத் தாங்காது.

வெயில் உச்சிக்கு ஏறுமுன் கரை திரும்பினோம். பேசியபடி ஒரு பங்கு படகுக்குப் போனது. நானாவின் வீட்டில் விளைமீனைப் புளியும் தேங்காய்ப் பாலும் விட்டுக் கறியாக்கி, கட்டாவில் பாதியைப் பொரித்துச் சோறு போட்டார்கள். மீதியைச் செவுளும் குடலும் நீக்கி ஐஸ் பெட்டியில் அடுக்கினோம். அன்றிரவே தலவாக்கலை சேர்ந்தபோதும் மீன் கெடாமல் இருந்தது. லயத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பகிர்ந்தோம். போக விரும்புபவர்கள் செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் போய்வருவது நல்லது. ஒக்டோபரில் காற்றின் திசை நிலையாக இருப்பதில்லை. அதன்பின் வாடை என்ற வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மூதூர்க் கரையின் சிறு படகுகள் பல நாட்கள் மணலில்தான் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும்.