தேங்காய்க் கிடங்கில் ஒரு ராக் குழு

ஜனவரி 18
ஒத்திகைக்கு இடம் கிடைத்துவிட்டது. பேஸ் கிதார் வாசிக்கும் தம்பியின் மாமாவுக்குக் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய தோப்பில் ஒரு தேங்காய்க் கிடங்கு இருக்கிறது. உரித்த மட்டைகள் சுவரோரம் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடப்பதால் எதிரொலி துளியும் இல்லை. வாடகை கிடையாது, லாரி வரும் நாளில் காய் ஏற்றித் தரவேண்டும், அவ்வளவுதான். கிதார்க்காரனான என் விரல் என்ன ஆகும் என்று மாமா கேட்கவில்லை.

ஜனவரி 27
மொழிச் சண்டை. ட்ரம்மர் பாலக்காட்டுச் சித்தூர்க்காரன், வீட்டில் மலையாளம். அவியல் என்ற மலையாள ராக் குழுவை எடுத்துக்காட்டாக இழுத்தான். 2008-இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தபோதே மலையாளத்தில் ராக் எடுபடுமா என்ற கேள்வி அடிபட்டுப்போனது என்கிறான். சரிதான். ஆனால் அந்த வாதம் எனக்குத்தான் சாதகம்: அவரவர் திட்டும் மொழியில் பாடவேண்டும் என்றால் இந்தச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பாதி தமிழில் அல்லவா திட்டிக்கொள்கிறது! பாட்டு தமிழில், நடுவே வரும் கூட்டுக்குரல் மலையாளத்தில் என்று முடிவானது.

பிப்ரவரி 8
இன்று தப்பு (பறை) அடிக்கும் அண்ணன் வந்தார். வந்ததும் வைக்கோல் கேட்டார். வாசலில் தீமூட்டி, தோலை அனலில் காட்டுவார், விரலால் சுண்டிப் பார்ப்பார், மறுபடி காட்டுவார். சூடேறினால் தோல் விறைத்து ஓசை மேலே போகிறது, ஆறினால் இறங்குகிறது. முறுக்காணியைத் திருகி ஒரே சுதியில் கட்டிப்போடும் வேலை இதனிடம் நடக்காது.

முதல் பாட்டு வெறும் இரைச்சல். இடக்கையின் சிண்டுக்குச்சி எழுப்பும் சுள்ளென்ற ஓசையும் ஸ்நேர் ட்ரம்மும் ஒரே இடத்தில் விழுந்தன. மிச்ச இடத்தை என் கிதாரைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடல் அடைத்துக்கொண்டது. பாடும் பெண் மைக்கை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழித்தோம். ஸ்நேரை ஓரங்கட்டினோம். பெடலைப் பாதிக்குக் கீழே இறக்கி, அடித்தந்தியை ஈ-யிலிருந்து டி-க்குத் தளர்த்தினேன். பேஸ் இன்னும் கீழே போனது. தப்பு மேலே, நாங்கள் அடியில். நடுவில் குரலுக்குக் காற்றோட்டம். அவள் தானாக உள்ளே வந்தாள்.

அண்ணன் அடித்த ஓர் அடி ஏழு எண்ணிக்கை. ட்ரம்மர் சிறுவயதில் மிருதங்கம் கற்றவன் (மிருதங்க மேதை மணி ஐயரின் பெயரோடு ஒட்டிய பாலக்காட்டில் யார்தான் கற்கவில்லை?). ‘தகிட தகதிமி, மிஸ்ர சாபு!’ என்று துள்ளினான். அண்ணன் சொன்னார்: “நீ எண்ணு தம்பி. நான் எண்ணினால் கை நின்றுவிடும்.”

மாசி, கொங்கன் படைத் திருவிழா முடிந்த மறுநாள்
கொங்குப் படையைத் துரத்தியதைச் சித்தூர் கொண்டாடிய கையோடு ட்ரம்மர் ஒத்திகைக்கு வந்தான். தமிழ் பேசும் எங்களைப் பார்த்து, “நீங்கள் இன்னும் போகவில்லையா?” என்றான். காய் ஏற்றும் முறை அவனுக்கு மாற்றப்பட்டது.

மார்ச் 15
ஒரு கோயில் திருவிழாவில் மேடை. குழுவுக்குப் பெயர் வைக்காததால் அறிவிப்பாளர் ‘கானமேளா’ என்றே சொல்லிவிட்டார். கூட்டம் சினிமாப் பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்பே மேடைக்குப் பின்னால் தகராறு: சாவு வீட்டில் அடிப்பதை மேடையில் ஏற்றுவதா என்று கமிட்டியில் ஒருவர். மின்கிதாருக்கு இல்லாத தீட்டு தப்பின் தோலுக்கு எங்கிருந்து வந்ததோ! பாடும் பெண்தான் பேசினாள்: “அண்ணன் ஏறாவிட்டால் ஒருவரும் ஏறமாட்டோம்.” பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாகவேண்டும், பேச நேரமில்லை. விட்டுவிட்டார்கள்.

முதல் இரண்டு பாட்டுக்குக் கைதட்டல் கடமைக்கு வந்தது. ஏழடிப் பாட்டில் மேடையில் எங்களை நோக்கி வைத்த மானிட்டர் ஒலிபெருக்கி ஊளையிட, கிதாரின் ஒலியை அறவே குறைத்தேன். தப்பும் குரலும் மட்டும் நின்றன. முன்வரிசைச் சிறுவர்கள் எழுந்தார்கள், பின்னாலிருந்த ஆட்கள் விசில் அடித்தார்கள், மலையாள வரியைத் தமிழ்க்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். அந்த இடத்தில் கிதார் இனித் திரும்பாது. பாட்டு இப்போது அப்படித்தான்.

மார்ச் 19
வடகரப்பதிப் பக்கத்திலிருந்து திருவிழா அழைப்பு. அழைத்தது அண்ணனை மட்டும். “பையன்களும் வருவார்கள், சத்தமில்லாமல் வாசிப்பார்கள்” என்று அவரே எங்களுக்கும் பேசி முடித்துவிட்டார். வண்டி வாடகை யார் தலையில் என்பதுதான் இன்னும் இழுபறி.